பாலோவில் சுட்ட கிழங்கு

மலேசியாவில் நான் சாப்பிட்ட முதல் உணவு குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. ஆத்தூரில் பிறந்து, சேகோ எனும் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள் நான். கடல் தாண்டி ஜொகூருக்கு வந்தால் அங்கேயும் தட்டில் அதே கிழங்கு. சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பு மூன்று நாள்கூட நிற்கவில்லை.

பாலோவுக்கு வெளியே இருக்கும் ஒரு மாவு ஆலையில் எங்கள் உலர்த்தியைப் பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். பத்து நாள் வேலை. என் பெட்டியில் இருந்தவை: வெப்பமானிகள் நான்கு, ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்று, கிழங்கின் நஞ்சு மாவில் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் மஞ்சள் தாள் ஒரு கட்டு, அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி. பருப்புப்பொடியைத் தொடவே இல்லை. மஞ்சள் தாளை ஒருநாள் தாமதமாகத் தொட்டேன்.

புதன்கிழமை மதியம் ஆலைக்காரர்கள் என்னைச் சாப்பிட அழைத்துப்போன இடம் பரமேஸ்வரி அக்காவின் கடை. செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் தகரக்கூரை போட்ட ஒரு கூடம், எட்டு மேசை. பின்னால் இரண்டு ஏக்கரில் கீரை, வெண்டை, கத்தரி, மரவள்ளி, வாழை. ஆட்டுக்கொட்டிலில் ஐந்து ஆடுகள். அக்கா சிங்கப்பூர் ஹோட்டல் ஒன்றில் பல வருடம் சமைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள், காலில் ரப்பர் பூட்ஸ்.

"பின்னால போய்ப் பறிச்சு முன்னால வைக்கிறேன். அவ்ளோதான் இந்தக் கடை. இதுக்குப் போய் இங்கிலீஷ்ல நீட்டா ஒரு பேரு வச்சு எழுதிட்டாங்க" என்றார்.

எழுதியதைச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்தார். ஒரு நாளிதழ்ப் பக்கம், ஒரு பத்திரிகை அட்டை, தொலைக்காட்சிக்காரர்களோடு நிற்கும் படம். வார இறுதியில் சிங்கப்பூர் எண் பலகையோடு கார்கள் வந்து செம்மண்ணில் நிற்குமாம். அந்தப் படங்களுக்குக் கீழே உறை போடாத ஒரு கடிதம், ஆணியில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. நிலம் தோட்டக் கம்பெனியுடையது. இடத்தைக் காலி செய்வது பற்றிப் பேச வரச்சொல்லி எழுதியிருந்தார்கள்.

"இதையும் ஏன் மாட்டியிருக்கீங்க?"

"மறந்துடக் கூடாதுல்ல. பேப்பர்ல பேரு வர்ற வரைக்கும் கை வைக்க மாட்டானுங்க, தங்கச்சி. பேரு நின்னுச்சு, மறுநாளே ஜேசிபி வரும்."

வருகிற ஞாயிறு கெலாங் பாத்தாவில் ஒரு உணவுத் திருவிழா. பத்துச் சமையல்காரர்களை அழைத்திருந்தார்கள், தமிழர் அவர் ஒருவர்தான். அன்றைக்கு அவர் செய்யப்போவது மரவள்ளி. அந்தப் புதன்கிழமை எனக்குக் கிடைத்ததும் அதுதான். வேகவைத்த கிழங்கு, தேங்காய்த் துருவல், நெத்திலி போட்ட மிளகாய்ச் சம்பல். சமையலறையில் எட்டிப் பார்த்தேன். மீனாச்சி அக்கா என்ற உதவியாளர் தோல் உரித்து, துண்டு போட்டு, பெரிய பானையில் மூடி போடாமல் வேகவைத்து, நீரை வடிகாலில் கொட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தான். கிழங்கில் இருக்கும் நஞ்சு துண்டு போடும்போதும், ஆவியிலும், கொட்டும் நீரிலும் போய்விடும்.

"மூடி போடலையே, ஏன் அக்கா?" என்று சோதித்தேன்.

"மூடுனா அம்மா அகப்பையால அடிக்கும். ஏன்னு யாரு கேட்டா?" என்றார் மீனாச்சி அக்கா.

வியாழக்கிழமை ஆலையிலிருந்து திரும்ப எனக்கு வரவேண்டிய வண்டி வரவில்லை. ஆலைக்குக் கிழங்கு பயிரிடும் லிம் அங்கிள் தன் லோரியில் ஏற்றிக்கொண்டார். கதவு உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டும். பின்னால் அரை வண்டிக் கிழங்கு. ஆலை வாசலில் நின்ற லோரி வரிசை மழைக்கு நகரவில்லை என்பதால் மறுநாள் இறக்கலாம் என்று திருப்பிக்கொண்டு வந்திருந்தார். வழியெல்லாம் பனை, பனை, பனை. சேலத்துச் சாலையில் ஒரு மேடாவது, ஒரு பாறையாவது வந்து கண்ணை நிறுத்தும். இங்கே கண் நிற்க இடமே இல்லை.

கடை வாசலில் பரமேஸ்வரி அக்கா கைகாட்டி நிறுத்தினார். அவருடைய தோட்டத்துக் கிழங்கு முடியப்போகிறது. போன வாரக் கூட்டத்தில் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கூடையாவது வேண்டும்.

லிம் அங்கிள் லோரியின் மேலிருந்தே எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மலாயில் அவர் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்: "இது ஆலைக் கிழங்கு, நல்லா வேகவைக்கணுமாம்."

அவரிடம் திரும்பி, "தெரியும் அங்கிள், நான் என்ன நேத்தா பொறந்தேன்?" என்று மலாயும் தமிழுமாகக் கேலி செய்து சிரித்தார். ஆலைக் கிழங்கு கொஞ்சம் முரடு, வேக நேரமாகும், அவ்வளவுதான் என்று அக்கா நினைத்தார். மாவு அதிகம் வேண்டும் என்பதற்காக ஆலைக்குப் போடும் ரகங்களில் பலவற்றில் நஞ்சும் அதிகம் என்பது எனக்குத் தெரியும். அவர்தான் வேகவைக்கப்போகிறாரே என்று நானும் லோரியைவிட்டு இறங்கி நின்று சிரித்தேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். யார் சொன்னதிலும் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் ஆலையில் மின்சாரம் போனது. கடைக்கு வந்தால் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. இணையத்தில் உணவு நிகழ்ச்சி நடத்தும் கவின் என்ற இளைஞர், இரண்டு கேமராக்காரர்களோடு வந்திருந்தார். ஞாயிறு விழாவைப் பற்றிய காணொளிக்கு முன்கூட்டியே சில காட்சிகள் வேண்டுமாம்.

அவர் பானைக்குள் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அக்கா, தண்ணில வேகற கெழங்க யாரு பாப்பா? பொகை வேணும்லா. நெருப்பு, மண்ணு, கை. அப்படியே மண்ணுலேருந்து எடுத்து நேரா நெருப்புல போடுற மாதிரி."

"சுட்டா நல்லாத்தான் இருக்கும். சின்னப்புள்ளைல தோட்டத்து லயத்து வீட்டுல சுட்டுருக்கோம். ஒன்னு ரெண்டு" என்றார் அக்கா.

"அதான் அக்கா! ஞாயித்துக்கெழமையும் அப்படியே செஞ்சிருங்க. ஜனங்க சுத்தி நின்னு படம் எடுப்பாங்க."

அக்கா கொஞ்சம் யோசித்தார். சுவரில் இருந்த கடிதத்தின் பக்கம் அவர் பார்வை போய் வந்ததை நான் கவனித்தேன். பிறகு மீனாச்சி அக்காவிடம் விறகு அடுக்கச் சொன்னார். லிம் அங்கிள் கொடுத்ததில் நல்ல உருவமான கிழங்குகள் தோலோடு, முழுசாக, வாழையிலையில் சுற்றப்பட்டுத் தணலுக்குள் போயின. இத்தனை தணலில் வெந்துவிடும் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒடிந்தவற்றைச் சீவிப் பார்த்துவிட்டு, தோலையும் நுனிகளையும் ஆட்டுக்கொட்டில் பக்கம் வீசினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தணலை விலக்கிப் பிளந்தபோது உண்மையில் அழகாக இருந்தது. கரிந்த தோல், நடுவே வெள்ளை, அதன்மேல் சம்பல். கவின் கேமராவைப் பார்த்து ஒரு வாய் கடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, "நிறுத்து" என்றதும் அதைக் காகிதத்தில் துப்பினார். ஒரே நாளில் ஐந்து கடையில் சாப்பிட வேண்டியவர் அப்படித்தான் செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் ஒரு துண்டு வந்தது. வாயில் வைத்ததும் கசந்தது. நாக்கின் அடியில் நிற்கும் கசப்பு.

ஆத்தூரில் கசக்கிற கிழங்கைச் சாப்பிடச் சொன்னால் பிள்ளைகள்கூடத் துப்பிவிட்டு ஓடும். நான் விருந்தாளி. இன்னொரு கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தோலின் கரியாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கைக்குட்டையை வாயில் வைத்து யாரும் பார்க்காமல் எடுத்தேன்.

"எப்படி இருக்கு தங்கச்சி?"

"கொஞ்சம் கசக்குது அக்கா."

"அது பொகை. அந்தக் கசப்புக்குத்தான் சிங்கப்பூர்லேருந்து வருவாங்க" என்றார் கவின். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அன்று எதையும் ருசி பார்க்கவில்லை. அவருக்குப் பல்வலி.

பொழுது சாயும் நேரத்தில் மீனாச்சி அக்கா கொட்டிலிலிருந்து கத்தினார். "அலமாக்! பரமு, இங்க வாயேன்! ஆடு!" இரண்டு ஆடுகள் வாயில் நுரையோடு விழுந்து கிடந்தன. மூன்றாவது நின்ற இடத்திலேயே கால் மடங்கிச் சரிந்தது. பாம்பு என்றார்கள். யாரோ பொறாமையில் மருந்து வைத்துவிட்டார்கள் என்றார்கள். பேர் வந்தால் கண்ணும் வரும் என்று மீனாச்சி அக்கா அழுதார்.

நான் கொட்டிலின் தரையைப் பார்த்தேன். கிழங்குத் தோல்.

எங்கள் ஊரில் வறட்சிக் காலத்தில் கிழங்குத் தழை தின்று ஆடு செத்த கதை இல்லாத வீடு கிடையாது. நான் தங்கியிருந்த அறைக்குப் போய் மஞ்சள் தாளை எடுத்து வந்தேன். பச்சைக் கிழங்கை நசுக்கிச் சிறு புட்டியில் போட்டு, மேலே தாளைத் தொங்கவிட்டு மூடினேன். நஞ்சு இருந்தால் தாள் மஞ்சளிலிருந்து செங்கல் நிறத்துக்குப் போகும். முழு அளவு தெரிய ஒரு இரவும் பகலில் பாதியும் ஆகும்.

"என்னம்மா அது?" என்று கேட்டார் பரமேஸ்வரி அக்கா.

"ஒரு சோதனை அக்கா. நாளைக்குத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அதுவரைக்கும் பச்சைக் கிழங்கை யாரும் தொட வேண்டாம்."

குறிப்பேட்டில் மூன்று வரி எழுதினேன். ஒன்று, தோலைப் புதைக்கச் சொல்ல வேண்டும். இரண்டு, மீதி ஆடுகளைக் கட்ட வேண்டும். மூன்று, இரண்டு கூடைக் கிழங்கையும் தனியே வைக்க வேண்டும். மூன்றையும் செய்தோம். அந்தப் பக்கத்தை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். சுட்டு மீந்த கிழங்கு எங்கே போனது என்ற நான்காவது வரி அதில் இல்லை.

சனிக்கிழமை காலை அக்காவின் வேனில் நானும் ஏறிக்கொண்டேன். பெரிய பானை, அடுப்பு, விறகு, சோதனை முடியும்வரை தொடாமல் கட்டி வைத்த இரண்டு கூடைக் கிழங்கு. பண்டார் தெங்காராவில் ஒருவரிடம் வாழையிலை வாங்கிக்கொண்டு கெலாங் பாத்தா போவதாகத் திட்டம். இலை கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் வேனின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. பழக்குலை ஏற்றிய லோரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. சாலையோர நிழல் என்பது அங்கே பனை நிழல்தான், அதில் பாதி வெயில்.

உதவி வரும்வரை உட்கார்ந்திருந்தபோது புட்டியைத் திறந்தேன். தாள் செங்கல் நிறத்தில் இருந்தது. எங்கள் ஊர் ஆலைகளில் அந்த நிறத்தை நான் கழிவுநீரில்தான் பார்த்திருக்கிறேன்.

சொன்னேன். ஆலைக் கிழங்கைத் தோலோடு முழுசாகச் சுட்டால் நஞ்சு வெளியே போக வழியே இல்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை அதைப் பரிமாறக் கூடாது என்றும் சொன்னேன். அக்கா தாளை வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். "வேகவைங்கன்னு அந்தக் கெழவன் சொன்னானே" என்றார் மெல்ல.

அப்போதுதான் அவர் தொலைபேசி அடித்தது. மீனாச்சி அக்கா. ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

"பரமு, இவரு விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. காலைல கோப்பியோட அந்தச் சுட்ட கெழங்கத்தான் தின்னாரு. நேத்து மீந்துச்சேன்னு நான்தான் கட்டிட்டுப் போனேன். எனக்கு ஒரு வாய் கசந்துச்சு, துப்பிட்டேன். அவருக்கு எங்க கசப்பு தெரியுது, நாளு பூரா சிகரெட்டு..."

அவர் கணவர் ஆறுமுகம், தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்தவர். நான் அவரைப் பார்த்ததே இல்லை. தொலைபேசியை வாங்கி, அவர் என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். மரவள்ளி, ஆலை ரகம், வேகவைக்காதது, சயனைடு. மீனாச்சி அக்கா திருப்பிச் சொன்னார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேத்தே ஒனக்குத் தெரியும்."

"சந்தேகம்தான் அக்கா. உறுதியாத் தெரியல."

"வாயில வச்சப்பவே கசக்குதுன்னு சொன்னியே. மூனு ஆடு செத்துச்சு. இன்னும் என்னம்மா உறுதி ஒனக்கு?"

அளந்த பிறகே பேசு என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

அவர் வேனின் பின்கதவைத் திறந்து கூடைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சாலையோரம் கொட்டினால் யாராவது எடுத்துப் போவார்கள், ஆடுமாடு தின்னும். விழாவுக்கு உணவுப் பட்டியல் எழுத வைத்திருந்த தடித்த பேனாவை எடுத்து, அட்டையில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் 'சாப்பிடக் கூடாது' என்று எழுதிக் கூடையில் கட்டினார்.

"ஸ்டால்ல என்ன வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"பானைய வைப்பேன்."

கெலாங் பாத்தா திடல் கடலை ஒட்டியது. ஞாயிறு காலையிலேயே கூட்டம். ஒருபக்கம் மீன் சுடும் வாடை, இன்னொரு பக்கம் தேங்காய்ப்பால் வாடை. மற்ற ஒன்பது கடைகளிலும் வரிசை நின்றது. எங்கள் மேசையில் வெறும் பானை, நீர், அகப்பை, ஒரு புட்டியில் செங்கல் நிறத் தாள். கடையின் பெயர்ப்பலகைக்குக் கீழே அக்காவின் புகைப்படம் சிரித்துக்கொண்டிருந்தது.

கவின் ஓடிவந்தார். "அக்கா, நெருப்பு எங்க? கெழங்கு எங்க?"

அக்கா நடந்ததைச் சொன்னார். கவினும் ஒரு வாய் கடித்தவர். "எனக்கு ஏதும் ஆவுமா?" என்றுதான் முதலில் கேட்டார். துப்பிவிட்டதால் ஆகாது என்றேன்.

"நீ எடுத்த படத்தப் போடக் கூடாது. சரியா தம்பி?" என்றார் அக்கா.

"ஆபீஸ்ல பேசறேன் அக்கா."

பதினோரு மணிக்கு ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார்கள். அக்காவின் முறை வந்ததும் ஒலிவாங்கியை வாங்கித் தமிழிலும் மலாயிலும் மாறி மாறிப் பேசினார். "எங்கிட்ட இன்னைக்குச் சாப்பாடு இல்ல. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அதுக்கு எங்க மீனாச்சி புருசன் ஆஸ்பத்திரில கெடக்குறாரு. மரவள்ளிய எங்கேருந்து வந்ததுன்னு தெரியாம சுடாதீங்க. தோலை உரிங்க. வெட்டுங்க. மூடாம வேகவைங்க. தண்ணியக் கொட்டுங்க. அப்பறமும் கசந்தா துப்புங்க."

முன்வரிசையில் இருந்தவர்கள் இது நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். பின்னால் யாரோ, "டிராமா லா" என்றது கேட்டது. ஒரு மலாய்ப் பெண்மணி மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் உரக்கச் சொன்னார், அதை அக்கா பிறகு எனக்கு மொழிபெயர்த்தார்: "ஓ, அதனால்தான் எங்கள் வீட்டில் மூடி போடுவதில்லையா!" அறிவிப்பாளர் அவசரமாக அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

சுகாதாரத் துறைக்கு அன்று மாலையே அக்கா தானாகத் தொலைபேசி செய்தார். செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு, கதவில் மூடும் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள். புதன்கிழமை தோட்டக் கம்பெனியிலிருந்து இருவர் வந்து, கடைக்குள் நுழையாமல், எல்லையை மட்டும் நாடாவால் அளந்தார்கள். அக்கா அவர்களுக்குக் கோப்பி கொடுத்தார். அவர்கள் குடிக்கவில்லை.

லிம் அங்கிள் தினமும் வந்து வாசலில் லோரியை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருப்பார். நான் சொன்னேனே என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆறுமுகம் பிழைத்தார். வேலை முடிந்து நான் கிளம்பும் முன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். குலை வெட்டிய கை, தண்ணீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் நடுங்கியது. எப்போது நிற்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை. மீனாச்சி அக்கா குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று ஆறுமுகத்துக்குச் சொல்ல வாயெடுத்தேன். மீனாச்சி அக்கா தலையை அசைத்துத் தடுத்துவிட்டார். "ஊர்லேருந்து வந்த பொண்ணு" என்று மட்டும் சொன்னார்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார் ஆறுமுகம்.

விமான நிலையத்தில் காத்திருக்கும்போது என் தொலைபேசியில் ஒரு காணொளி வந்தது. புகை, மண், கை. கரிந்த தோல் பிளந்து வெள்ளை தெரிகிறது. கவின் கண்ணை மூடித் தலையாட்டுகிறார். பின்குரலில் யாரோ ஒரு பெண், மரவள்ளியைத் தோலோடு முழுசாகத் தணலில் போட்டுப் பாருங்கள், வீட்டிலேயே செய்யலாம் என்கிறாள். பார்த்தவர்கள் கீழே இதயங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர், எங்கள் வீட்டுப் பின்னாலேயே கிழங்கு இருக்கிறது, இன்று இரவு செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தார்.

அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். கவின் தொலைபேசியை எடுக்கவில்லை, அவர் அலுவலகத்திலும் யாரும் எடுக்கவில்லை. "நீயாவது எழுது" என்றார்.

அதன் கீழே எழுதினேன். அடுத்த இதயங்கள் வந்து அதைக் கீழே தள்ளின. மறுபடி எழுதினேன். விமானத்தில் ஏறச்சொல்லி அழைக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தேன். அதையே இங்கும் எழுதுகிறேன். தோலை உரியுங்கள். சிறு துண்டாக வெட்டுங்கள். நிறைய நீரில், மூடாமல் வேகவையுங்கள். நீரைக் கொட்டுங்கள். கசந்தால் துப்புங்கள், யார் வீடாக இருந்தாலும். துப்பிவிட்டு, மீதி எங்கே என்று கேளுங்கள்.